இரவல் முகப்பு, சொந்த வளவு

காரைக்குடியில் வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மனை எத்தனை சென்ட் என்று. அவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எலிவேஷன் பற்றி. போன மாதம் ஒருவர் வந்தார். மூன்று சென்ட் மனை, தெற்குப் பார்த்த வாசல், இரண்டு பக்கமும் ஏற்கெனவே வீடுகள். கைபேசியை நீட்டி, "அண்ணே, அச்சு அசல் இதே மாதிரி வேணும். செட்டிநாடு மாடல்" என்றார். படத்தில் கானாடுகாத்தான் பக்கத்து வீடு ஒன்று. வாசலில் உருண்டைத் தூண்கள், மாடியில் வளைவு வளைவாகத் தாழ்வாரம், உச்சியில் சுதையில் கஜலட்சுமி.

"சரி, உள்ளே முற்றம் வைக்கலாமா?" என்றேன்.

"முற்றமா? மழை பெஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி வருமே. கொசு வேற. அதெல்லாம் வேண்டாம்ணே. முன்பக்கம் மட்டும் அப்படி இருந்தாப் போதும்."

முன்பக்கம் மட்டும். கட்டடக் கலை படிக்கிறவர்கள் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து படிக்கும் விஷயத்தை மனிதர் இரண்டே சொல்லில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார். பழைய காலத்துக் கட்டட வடிவம் ஒன்றை, அந்தக் காலம் போன பிறகு, தெரிந்தே திரும்ப எடுத்துக் கட்டுவதற்குப் பாணி மீட்பு என்று சொல்லலாம். ஆங்கிலப் பெயர்களில் 'நியோ' என்ற ஒட்டைப் பார்த்திருப்பீர்கள்: நியோ கிளாசிக்கல், நியோ கோதிக். அந்த ஒட்டு இருந்தால் இது முதல் ஆட்டம் இல்லை, மறு ஆட்டம் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்கும் பாரிஸுக்கும் போகலாம்தான். ஆனால் செட்டிநாட்டை விட்டு அதிகம் வெளியே போகாமலேயே முக்கால்வாசி பார்த்துவிட முடியும்.

முதலில் பாணி என்றால் என்ன? கோவில் தூணின் உச்சியைப் பாருங்கள். தூணுக்கும் அதன்மேல் கிடக்கும் உத்தரத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல ஒரு கல் இருக்கும். அதுதான் போதிகை. உத்தரத்தின் பாரத்தை வாங்கித் தூணுக்குக் கொடுப்பது அதன் வேலை. அந்த வேலை எந்தக் காலத்திலும் மாறவில்லை, உருவம்தான் மாறிக்கொண்டே வந்தது. பல்லவர் காலத்தில் அலை அலையாகச் சுருண்ட தரங்கப் போதிகை. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் சின்ன நீட்டல் விட்ட வெட்டுப் போதிகை. விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வரும்போது நுனி வளைந்து, மொட்டு ஒன்று தலைகீழாகத் தொங்குவது போன்ற பூப்போதிகை. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி, கல்வெட்டு இல்லாத மண்டபத்துக்கும் இப்படிப்பட்ட உறுப்புகளைப் பார்த்துக் காலம் சொல்லலாம் என்று காட்டினார். ஒரே வேலைக்கு எத்தனையோ வடிவம் கொடுக்கலாம். அதில் ஒரு காலமும் ஊரும் சேர்ந்து எதைப் பிடித்துக்கொண்டதோ அது அந்தக் காலத்தின் பாணி.

இந்தப் பாடத்தைப் படித்த சூட்டோடு நம் பக்கத்துக் கோவிலுக்குப் போய், பூப்போதிகையைப் பார்த்து, "ஆகா, நாயக்கர் காலம்" என்று அடித்துச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ரங்கூன் வரை போய் வட்டிக்கடை நடத்திய இந்தப் பக்கத்துச் செட்டியார்கள், அதாவது நகரத்தார், கோவில் திருப்பணிக்குக் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. தங்கள் குலப் பிரிவுகளுக்கு உரிய நகரக் கோவில்களுக்கு மட்டும் இல்லை, சிதம்பரம், மதுரை, திருவண்ணாமலை, ராமேசுவரம் என்று பெரிய கோவில்களுக்கும் செய்தார்கள். அப்போது நட்ட தூண்களிலும் அதே மொட்டு தொங்குகிறது, அதே யாளி பாய்கிறது. கல்லைப் பார்த்தால் 400 வருஷம் என்று தோன்றும். அதை நட்ட நாளில் ரங்கூன் தெருவில் டிராம் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

அப்படியானால் இது பார்த்து அடித்த நகலா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நகல் என்றால் நடுவில் ஒரு முறிவு இருக்க வேண்டும். ஒரு பாணி நின்றுபோய், அதைச் செய்கிற கை மறந்துபோய், அப்புறம் யாரோ பழைய கட்டடத்தை அளந்து, படம் வரைந்து, மறுபடி தொடங்க வேண்டும். இங்கே அந்தக் கை நிற்கவே இல்லை. அப்பனிடம் கற்ற உளியை மகன் பிடித்தான். பிள்ளையார்பட்டியில் பிறந்து, காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் படித்து, பிறகு கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை நிறுத்திய கணபதி ஸ்தபதி அப்படி ஒரு பரம்பரையில் வந்தவர்தான். அவருக்கு யாளி என்பது போன நூற்றாண்டுச் சரக்கு இல்லை, வீட்டுப் பாடம். இதைத் தொடர்ச்சி என்று சொல்வதுதான் சரி. மீட்பு வேறு.

ஆனால் இந்தத் தொடர்ச்சிக்கு ஒரு விலையும் உண்டு. பழைய சிறு கோவிலைப் பிரித்துவிட்டுப் பெரிதாகக் கட்டிய இடங்களில், முன்பு இருந்த கட்டுமானமும் அதோடு சேர்ந்த தடயங்களும் போய்விட்டன. கைங்கரியம் செய்தவருக்கு அது சாமிக்குப் புது வீடு. வரலாறு தேடுகிறவருக்கு அது நெஞ்செரிச்சல். நான் இரண்டு பேர் பக்கமும் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன், தீர்ப்புச் சொல்லத் தைரியம் வரவில்லை.

முறிவுக்குப் பிறகு வந்த மீட்பைப் பார்க்க வேண்டுமானால் சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே, மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூருக்குப் போகலாம். 1894இல் கட்டிய திரு இருதய ஆலயம். பிரான்சில் 13ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கிய ரைம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துப் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் எழுப்பியது. வயல்வெளிக்கு நடுவில் ஊசி ஊசியாக நிற்கும் கோபுரங்களைப் பார்த்தால் கனவு மாதிரி இருக்கும். அதுதான் கோதிக் பாணி. பிரான்சில் 12ஆம் நூற்றாண்டில் பிறந்தது. அதன் அடையாளம் உச்சி கூரான வளைவு. அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகமாகத் தள்ளும், அதனால் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கூர் வளைவு பாரத்தை அதைவிடச் செங்குத்தாகக் கீழே இறக்கும். மிச்சத் தள்ளலை வெளியே நிற்கும் முட்டுச் சுவர்கள் வாங்கிக்கொள்ளும். சுவருக்கு வேலை குறைந்ததும் அந்த இடத்தில் பெரிய பெரிய சன்னல் வைத்து வண்ணக் கண்ணாடி பொருத்தினார்கள். ஆக, அந்தக் கூர் முதலில் அழகுக்காக வந்ததில்லை. கல்லோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்த வழி அது. 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பாணி ஐரோப்பாவில் வழக்கொழிந்தது. சுமார் 200 வருஷம் கழித்து இங்கிலாந்தில் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். இடைக்காட்டூருக்கு வந்தது அந்த இரண்டாவது அலை. ரைம்ஸில் இருப்பது கல். இங்கே செங்கல்லும், அச்சில் வார்த்துச் சுட்ட மண்ணும். உருவம் வந்தது, பொருள் மாறிவிட்டது.

பொருள் மாறினாலும் பழைய உருவத்தை விடாமல் பிடித்துக்கொள்வது மனிதனுக்கு ஆதி நாளிலிருந்து இருக்கும் பழக்கம். மாமல்லபுரத்து ரதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாறையைச் செதுக்கிச் செய்த அந்தக் கோவில்களில் சிலவற்றின் கூரை, மரச்சட்டம் வளைத்து ஓலை வேய்ந்த குடிசையைப்போல இருக்கும். கல்லுக்கு அந்த வடிவம் தேவையே இல்லை. மரத்தில் கட்டிப் பழகிய கண் கல்லிலும் அதையே தேடியது. கிரேக்கர்களும் அப்படித்தான். அவர்களுடைய கல் கோவிலில் உத்தரத்துக்கு மேலே வரிசையாக இருக்கும் கோடு போட்ட கட்டங்கள், பழைய மரக்கோவிலில் நீட்டிக்கொண்டிருந்த விட்டத்தின் முனைகள் என்று விளக்கம் சொல்வார்கள். சென்னையில் 1976இல் திறந்த வள்ளுவர் கோட்டம் இந்த விளையாட்டின் உச்சம். கோவில் விமானத்தைப் பார்த்து மரத்தேர் செய்தார்கள். திருவாரூர் மரத்தேரைப் பார்த்து இங்கே கல்தேர் செய்தார்கள். கல் மரமாகி, மரம் மறுபடி கல்லாகியிருக்கிறது.

இனி செட்டிநாட்டு வீட்டு வாசலுக்கு வருவோம். அந்த உருண்டைத் தூண்கள் எங்கிருந்து வந்தன என்பது ஒரு நீண்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். கிரேக்கர் கட்டினார்கள், ரோமர் அதைப் பார்த்துக் கட்டினார்கள். ஆயிரம் வருஷம் கழித்து 15, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர்கள் ரோமானிய இடிபாடுகளை அளந்து மறுபடி எடுத்தார்கள். 1748இல் பாம்ப்பே நகரை மண்ணுக்குள்ளிருந்து தோண்டத் தொடங்கியதும் ஐரோப்பா முழுக்க இன்னொரு காய்ச்சல் அடித்தது. அதுதான் நியோ கிளாசிக்கல். அந்தக் காய்ச்சல் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தது. திப்பு சுல்தானை வென்ற பெருமையைக் கொண்டாட, 1802இல் சென்னையில் ஆங்கிலேயர் கட்டி முடித்த விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், கிரேக்கக் கோவில் சாயல் கொண்டது. கல்கத்தாவிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் அதிகாரம் இருந்த இடத்திலெல்லாம் இந்தத் தூண் இருந்தது. நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்ததும் இந்த ஊர்களில்தான். கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கியில் பாய் விரித்துப் படுத்த பையன், காலையில் வாசலுக்கு வந்தால் எதிரே பாங்கிக் கட்டடத்தில் அந்தத் தூணைப் பார்த்தான். சம்பாதித்து ஊருக்குத் திரும்பி வீடு கட்டியபோது அந்தத் தூணும் கூட வந்தது. நேரே ஏதென்சிலிருந்து வரவில்லை. நாலைந்து கை மாறி, ரங்கூன் வழியாக வந்தது.

கை மாறிய பொருளில் கைரேகை இருக்கும் இல்லையா? தூண் உச்சியில் கிரேக்கர் வைத்தது அகாந்தஸ் என்ற முள்செடியின் இலை. நம் ஊர்ச் சுதைக் கொத்தனார் அந்தச் செடியை எங்கே பார்த்திருப்பார்? படத்தைப் பார்த்தார், தனக்குத் தெரிந்ததைச் செய்தார். தேவகோட்டையில் ஒரு வீட்டுத் தூணில் அந்த இலை எனக்கு அப்படியே கீரைக்கட்டு மாதிரி தெரியும். இன்னொரு வீட்டில் அது தாமரை இதழாகவே மாறிவிட்டிருக்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. நடுவில் யானைகள் நீர் வார்க்க லட்சுமி அமர்ந்திருப்பாள், இரண்டு ஓரத்திலும் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவலுக்கு நிற்பார்கள். பல பாணிகளை ஒன்றாகத் தொடுத்துக் கட்டுவதற்குத் தமிழில் பெயர் தேட வேண்டியதே இல்லை, கதம்பம் என்ற சொல் தயாராக இருக்கிறது. 1930களில் கட்டிய வீடுகளில் அந்தக் கதம்பத்தில் இன்னொரு பூவும் சேர்ந்தது: படிப்படியாக ஏறும் உச்சி, சூரியக் கதிர்போல விரியும் கோடுகள், உருட்டிய மூலை. அது ஆர்ட் டெக்கோ. பாரிஸில் 1925இல் நடந்த கண்காட்சிக்குப் பிறகு உலகம் சுற்றிய புதுப்பாணி. 'புதுசு' என்று சொல்லிக்கொண்டே எகிப்தியக் கல்லறையிலிருந்து வடிவங்களை அது எடுத்துக்கொண்டது தனிக் கதை.

இதுவரை முகப்பு. படியேறி உள்ளே போனால் கதை மாறுகிறது.

முகப்பைத் தாண்டினால் பட்டாலை என்ற பெரிய கூடம், அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்களும் தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிறு அறைகள். அப்புறம் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, கடைசியில் அடுப்படியும் தோட்டமும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்று பார்த்தால் கொல்லை வாசல் வரை கண் நேராக ஓடும். வளவை ஒட்டிய அறைகள் ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. கோவில் கணக்கிலும் புள்ளி, வீட்டுக் கணக்கிலும் புள்ளி. அறை புள்ளிக்குச் சொந்தம், முற்றமும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது. கூரை நாலு பக்கமும் முற்றத்தை நோக்கிச் சரிந்து மழைத் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். தண்ணீர் கஷ்டம் உள்ள இந்தக் காட்டில் அதைக் கீழே அண்டா வைத்துப் பிடிப்பார்கள். வெயில் காலத்தில் சூடான காற்று முற்றத்து வழியாக மேலேறிப் போகும். கல்யாணம், சடங்கு, வத்தல் காயப்போடுவது, கேதத்துக்குக் கூடுவது எல்லாம் அங்கேதான்.

இந்த அமைப்பில் கிரேக்கமும் இல்லை, இங்கிலாந்தும் இல்லை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, இரும்புத் தூண் இங்கிலாந்திலிருந்து வந்தது. எல்லாம் வந்து, வளவு எங்கே இருக்கச் சொன்னதோ அங்கே போய் நின்றுகொண்டன. நான் பழகிய வரையில், பாணியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை. நாம் பேசும்போது பஸ், டிக்கெட், சாவி, அலமாரி என்று நூறு இரவல் சொல் வரும். ஆனால் 'பஸ்ஸில் ஏறினான்' என்று வேற்றுமை உருபு போட்டு, வினையைக் கடைசியில் வைத்துத்தான் பேசுகிறோம். செட்டிநாட்டு வீட்டின் சொற்கள் பாதி இரவல். இலக்கணம் சொந்தம்.

இதற்கு நேர் எதிரான வீடு ஒன்று லண்டனில் இருக்கிறது, கொஞ்சம் பெரிய வீடு. அவர்களுடைய பாராளுமன்றம் 1834இல் தீப்பிடித்து எரிந்தது. புதிதாகக் கட்டுவதற்குப் போட்டி வைத்தபோது, கோதிக் அல்லது எலிசபெத் காலத்துப் பாணியில்தான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். கிரேக்க, ரோமானியத் தூண் என்றால் பிரெஞ்சுப் புரட்சியும் அமெரிக்கக் குடியரசும் நினைவுக்கு வந்த காலம் அது. மன்னராட்சி நாட்டுக்குத் தன் சொந்தப் பழமை வேண்டியிருந்தது. சார்லஸ் பேரி திட்டம் போட்டார், கோதிக் மேல் பக்தியே வைத்திருந்த பியூஜின் நுணுக்க வேலைகளை வரைந்தார். ஆனால் பேரியின் திட்டம் இடமும் வலமும் அளவெடுத்து நிறுத்தியது, கிளாசிக்கல் ஒழுங்கு கொண்டது. பியூஜினே அதைப் பார்த்து, உடம்பு முழுக்கக் கிரேக்கம், மேலே சட்டை மட்டும் டூடர் என்ற பழைய ஆங்கில அரச வம்சத்தின் காலத்தது என்கிற மாதிரி நொந்துகொண்டதாகச் சொல்வார்கள். அங்கே தங்களுடையது என்று நினைத்ததை வெளியே போட்டுக்கொண்டார்கள். இங்கே நம்முடையதை உள்ளே வைத்துக்கொண்டு இரவலை வெளியே மாட்டினார்கள்.

எந்தப் பழமையை எடுப்பது என்பது ஒருபோதும் வெறும் ரசனை விஷயம் இல்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியாவில் குவிமாடமும் மினாரும் வைத்துக் கட்டத் தொடங்கினார்கள். முகலாயருக்கு அடுத்த அரசு நாங்கள்தான் என்று கட்டடத்தால் சொல்லும் ஏற்பாடு அது. சிசோம் வரைந்து 1879இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், 1892இல் முடிந்த உயர் நீதிமன்றம் இரண்டும் அந்த வகை. இந்தோ சாரசனிக் என்று பெயர். வெள்ளைக்காரர் நம் குவிமாடத்தை மாட்டிக்கொண்ட காலத்திலேயே நம் செட்டியார் அவர்கள் தூணை மாட்டிக்கொண்டார். யார் யாரைப் பார்த்துக் கட்டியது என்று இன்றைக்குக் கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

இப்போது தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிப் பூக்கல்லைச் செட்டிநாட்டின் முத்திரை என்று எல்லாரும் சொல்கிறோம். அதுவே பார்த்துச் செய்த பொருள்தான். ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பூவேலை ஓடுகள் கப்பலில் வந்து இறங்கின. அதைப் பார்த்து இங்கே செய்ய முனைந்தார்கள். ஆனால் செய்கிற விதம் வேறாகிவிட்டது. ஆத்தங்குடிப் பட்டறையில் சூளையே கிடையாது. சதுர இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு ஒன்றை வைப்பார்கள். அதன்மேல் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள், சாம்பார் ஊற்றுகிற அதே லாவகம். அச்சை மெல்ல எடுத்ததும் வண்ணங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டி நிற்கும். மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டுக் கரண்டியால் அழுத்தி மூடுவார்கள். காய்ந்த பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும். அப்புறம் கண்ணாடியைப் பிரித்தால் கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். குழம்பை ஊற்றியது கை என்பதால் இரண்டு கல் ஒன்றுபோல இருக்காது. கோடு ஒரு இடத்தில் நெளியும், ஒரு இதழ் பருத்திருக்கும். மேலே நடக்க நடக்க, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறும்.

இரவல் சொந்தமாவது இப்படித்தான். வந்ததைப் பார்த்தார்கள், ஊர் மணலுக்கும் ஊர்க் கைக்கும் தகுந்தபடி மாற்றினார்கள், நாளடைவில் ஊர்ப்பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. வெள்ளைப் பூச்சும் அதே கதை. சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்து, பூச்சின்மேல் பூச்சாகப் பூசித் தேய்த்த சுவர் சலவைக்கல் போல மின்னும். சலவைக்கல்லைப் போலச் செய்யப்போய்க் கையில் கிடைத்த வித்தையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கன்னத்தை வைத்துப் பார்த்தால் சித்திரை மாதத்திலும் சில்லென்று இருக்கும்.

இப்போது டைல்ஸ் கடைக்குப் போனால் 'ஆத்தங்குடி டிசைன்' என்று இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு பலகையைக் காட்டுவார்கள். யந்திரத்தில் அச்சடித்தது. அதில் நெளிந்த கோடும் உண்டு, கை நடுங்கினால் வரும் நெளிவையும் சேர்த்துப் படம் எடுத்து அச்சடித்திருக்கிறார்கள். எட்டுப் பலகை தள்ளிப் பார்த்தால் அதே நெளிவு அதே இடத்தில் மறுபடி வரும். விலை குறைவு, போடச் சுலபம், கறை பிடிக்காது. வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் அலுவலகத்திலேயே அதுதான் கிடக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அது கொஞ்சம் வலிக்கும் வழி. நகரத்தாரின் பிடியிலிருந்து பர்மா போன 1942க்குப் பிறகு இந்த வீடுகளுக்குப் பின்னால் இருந்த வருமானமும் போனது. ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள், ஆளுக்கு ஒரு ஊர். ஓடு மாற்றக்கூடச் சம்மதம் வாங்க முடியாமல் நின்ற வீடுகள் பல. பிரித்து விற்கிற நாள் வரும்போது தூண், நிலை, கதவு, சன்னல் எல்லாம் தனித்தனியாகக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சாய்ந்து நிற்கின்றன. அங்கிருந்து லாரி ஏறி பெங்களூருக்கோ கோவாவுக்கோ போய் ஒரு விடுதியின் வரவேற்பறையில் நிற்கும். அந்தத் தூண் நகல் இல்லை, நூற்றுக்கு நூறு அசல். ஆனால் தாங்குவதற்கு அதன் தலையில் ஒன்றும் இருக்காது, மேலே கான்கிரீட் தளம் தன்பாட்டுக்கு நிற்கும். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செய்ததுபோல, பிரித்த வீட்டின் பாகங்களை மறுபடி வீடாகவே கூட்டி நிறுத்துவது வேறு. அங்கே தூண் தூணாகவே இருக்கிறது.

தூணைத் தட்டிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் விரல் மடக்கி ஒரு தட்டு. தேக்குக்கு ஒரு சத்தம், கருங்கல்லுக்குச் சத்தமே இல்லை, செங்கல் கட்டிச் சுண்ணாம்பு பூசியதற்கு மந்தமாக ஒன்று. புது வீடுகளின் 'செட்டிநாடு தூண்' இருக்கிறதே, பிவிசி குழாய்க்கு மேல் சிமெண்டு பூசியது, அது டொக் டொக் என்று சொல்லிவிடும். நகல் என்பதால் எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. நகலையெல்லாம் கழித்தால் கானாடுகாத்தானில் ஒரு வாசலும் மிஞ்சாது. அந்த வீடுகளைக் கட்டியவர்கள் ஊர் ஊராகப் பார்த்ததை எடுத்துத் தங்கள் வளவுக்கு மாட்டினார்கள். நாம் அவர்கள் மாட்டியதை மட்டும் கழற்றி எடுத்து, மாட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் மாட்டுகிறோம். அதுதான் உறுத்துகிறது. ஒரு புது வீட்டையோ பழைய வீட்டையோ பார்த்து, இது எந்தப் பாணி என்று குழம்பினால், பெயரைத் தேடுவதற்கு முன் எதை எடுத்திருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

மூன்று சென்ட்காரருக்கு அவர் கேட்டபடியே பிளான் போட்டேன். முன்னால் நாலு தூண், மாடியில் வளைவு, உள்ளே ஹால், இரண்டு படுக்கையறை, நடுவில் அடுப்படி. வாங்கிப் போக வந்தபோது அவருடைய அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா தூணையும் வளைவையும் பார்க்கவே இல்லை. அடுப்படி இருந்த இடத்தில் விரலை வைத்து, "தம்பி, ரெண்டு பக்கமும் வீடு இருக்கே. இதுக்கு வெளிச்சம் எங்கிட்டிருந்து வரும்?" என்றார்.

நான் பென்சிலை எடுத்து அடுப்படிக்கு முன்னால் ஆறுக்கு ஆறு ஒரு சதுரம் போட்டேன். மேலே திறப்பு, கம்பி வலை, கொசுவுக்கு ஒரு வலை, மழைக்குக் கீழே ஒரு வடிகால். "முற்றம்தானே?" என்று மகன் சிரித்தார். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முன்னால் போட்ட தூண்கள் நாலையும் இந்த முற்றத்து மூலைகளுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டார். கொண்டுவரலாம், இங்கே அதற்குத் தாங்கக் கூரை இருக்கிறது, குழாய் வைத்துக் கட்ட முடியாது, கல்லோ மரமோ வாங்குங்கள் என்றேன்.